பத்து நிமிஷம்... உங்க கையில!

108-க்கு போன் போட்டாச்சு. சைரன் சத்தத்தோட வண்டியும் வந்தாச்சு. ஸ்டியரிங் பிடிச்சு வந்தவர் டிரைவர். அந்த உலகத்துல அவருக்குப் பேரு 'பைலட்'. பின்கதவைத் திறந்து கையில பையோட குதிக்கிறாரே... அவர் யாரு?

கூட்டத்துல பாதிப் பேர் "டாக்டர் வந்துட்டாரு, வழி விடுங்கப்பா" என்பார்கள். மீதிப் பேர் "கம்பவுண்டர்" என்பார்கள். ரெண்டும் இல்லை பாஸ்! அவர்தான் இ.எம்.டி. - எமர்ஜென்சி மெடிக்கல் டெக்னீஷியன். நம்ம ஊர் பாராமெடிக். ஆபரேஷன் தியேட்டர் கிடையாது, ஸ்கேன் கிடையாது, பக்கத்துல நின்னு சொல்லிக் கொடுக்க சீனியர் கிடையாது. ரோட்டோரப் புழுதியில் முட்டி போட்டு உட்கார்ந்து, ஓர் உயிரை ஆஸ்பத்திரி வாசல் வரை கொண்டுபோய்ச் சேர்க்கிற வேலை.

பாராமெடிக்கல் படிச்சுக்கிட்டிருக்கீங்களா? படிக்கலாமானு யோசிக்கிறீங்களா? அல்லது "எனக்கும் மெடிசினுக்கும் சம்பந்தமே இல்ல"னு இருக்கீங்களா? யாரா இருந்தாலும் இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான். ஏன்னா, வண்டி வந்து சேர்ற வரைக்கும் அந்த இடத்துல பாராமெடிக் நீங்கதான்!

ஏன் புதுக்கோட்டை?

மாவட்ட மேப்பை ஒரு தடவை எடுத்துப் பாருங்க. மேற்கே விராலிமலை, கிழக்கே கடலோரத்துல மணமேல்குடி, கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம். வடக்கே கந்தர்வகோட்டை, தெற்கே திருமயம், பொன்னமராவதி. மணமேல்குடியிலிருந்து மாவட்டத் தலைநகருக்கு ஏறக்குறைய 60 கிலோமீட்டர். புதுக்கோட்டையிலிருந்து திருச்சிக்கோ தஞ்சாவூருக்கோ போகணும்னா இன்னும் ஐம்பது கிலோமீட்டருக்கு மேல.

2017-ல் முள்ளூரில் அரசு மருத்துவக் கல்லூரி வந்தது. அதுக்கு முன்னாடி, தலையில் பலத்த அடின்னா பல பேரைத் திருச்சிக்கோ தஞ்சாவூருக்கோ கூட்டிட்டு ஓட வேண்டிய நிலைமை. இப்போ தூரம் குறைஞ்சிருக்கு. ஆனா காணாமல் போகலை. வயல்ல பாம்பு கடிச்சாலும், கடல்ல இருந்து மூச்சுப் பேச்சில்லாமல் ஒருத்தரைத் தூக்கிட்டு வந்தாலும், வாடிவாசல்ல மாடு குத்தினாலும்... அந்த இடத்துக்கும் ஆஸ்பத்திரி பெட்டுக்கும் நடுவுல ஓர் இடைவெளி இருக்கு. அந்த இடைவெளியில நிற்கிறவருக்கு என்ன தெரிஞ்சிருக்கு என்பதுதான் பல சமயம் உயிரா, உயிர் போச்சா என்பதைத் தீர்மானிக்குது.

தமிழ்நாட்டில் 108 சேவை தொடங்கியது 2008 செப்டம்பர் 15-ல். அதுக்கு முன்னாடி ஆம்புலன்ஸ் என்றால் ஸ்ட்ரெச்சர் வைத்த வேன். ஆளை ஏற்று, வேகமாப் போ, இறக்கு... அவ்வளவுதான். வண்டிக்குள்ளேயே சிகிச்சை தொடங்கணும் என்ற எண்ணம் நமக்குப் புதுசு. நமக்கு மட்டுமில்லை, அமெரிக்காவுக்கே அது ஒரு காலத்துல புதுசுதான்!

ஒரு குட்டி ஃபிளாஷ்பேக்

1960-கள். அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரம். யாராவது மயங்கி விழுந்தால் போலீஸ் வேன் வரும். இல்லேன்னா, பிணம் ஏற்றுகிற வண்டி வரும்! பின்னாடி நோயாளி தனியா கிடப்பார்.

பீட்டர் சஃபார் என்ற மயக்கவியல் டாக்டருக்கு இது பொறுக்கலை. வாயோடு வாய் வைத்து மூச்சுக் கொடுக்கும் முறையை உலகத்துக்கு நிரூபித்துக் காட்டியவர் அவர். 1967-ல் அந்த நகரின் ஹில் டிஸ்ட்ரிக்ட் பகுதியில் வேலை கிடைக்காமல் இருந்த கறுப்பின இளைஞர்களைத் தேர்ந்தெடுத்து, உடற்கூறு, முதலுதவி, சி.பி.ஆர். எல்லாம் கற்றுக் கொடுத்தார்கள். 'ஃப்ரீடம் ஹவுஸ் ஆம்புலன்ஸ்' பிறந்தது. அவர்களில் பலர் பள்ளிப் படிப்பையே முடிக்காதவர்கள். "இவங்களால முடியுமா?"னு ஊரே கேட்டது. முடிந்தது! 1975-ல் அந்த அமைப்பு மூடப்பட்டாலும், அங்கே உருவான பாடத்திட்டம்தான் அமெரிக்க பாராமெடிக் படிப்புக்கே அடித்தளம் ஆனது.

நம்ம புதுக்கோட்டைக்கும் இப்படி ஒரு "முடியுமா?" கதை உண்டு. 1886-ல் இதே மண்ணில் பிறந்த முத்துலட்சுமி, மகாராஜா கல்லூரியில் சேர விரும்பியபோது "பெண் பிள்ளைக்கு இங்கே இடமா?"னு எதிர்ப்பு. மன்னரின் தலையீட்டால் இடம் கிடைத்தது. 1912-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் வாங்கி, டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியாக அவர் செய்ததெல்லாம் சரித்திரம். 1954-ல் அவர் தொடங்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனை இன்றும் நிற்கிறது.

ஓ.கே. இனி பாடத்துக்குள் போவோம்.

முதல் அறுபது விநாடி

ஸ்பாட்டுக்குப் போனதும் நோயாளியைப் பார்க்காதீங்க! ஆமாம், சரியாத்தான் படிச்சீங்க. முதல்ல சுற்றுப்புறத்தைப் பாருங்க. கஜா புயல் வந்த 2018 நவம்பரை நினைச்சுப் பாருங்க. எங்கே பார்த்தாலும் சாய்ந்த கம்பம், அறுந்த ஒயர். கரண்ட் ஓடுதா இல்லையா என்று தெரியாமல் ஓடிப்போய்த் தொட்டால், காப்பாற்ற வந்தவரும் சேர்ந்து விழுவார். ஒருத்தர் விழுந்த இடத்துல ரெண்டு பேர். 'சீன் சேஃப்டி' முதல் பாடமா இருப்பது இதனால்தான். கையுறை போடுவதும் இதிலேயே சேர்த்தி.

அடுத்தது, ஆள் எந்த நிலைமையில் இருக்கார்? நாலே படி. முழிச்சிருக்காரா? கூப்பிட்டால் திரும்புறாரா? வலி கொடுத்தால் அசையுறாரா? எதுக்குமே அசைவில்லையா?

அப்புறம் உலகம் முழுக்க ஒரே வரிசை: ஏ, பி, சி.

ஏ - ஏர்வே. மூச்சுப் பாதை. மயங்கி மல்லாந்து கிடப்பவரின் முதல் எதிரி அவருடைய நாக்குதான்! தசை தளர்ந்து, பின்னால் சரிந்து தொண்டையை அடைத்துவிடும். நெற்றியில் ஒரு கை, மோவாயில் இரண்டு விரல்... தலையைப் பின்னால் சாய்த்தால் பாதை திறக்கும். பைக்கிலிருந்து விழுந்தவரா? கழுத்து எலும்பு உடைந்திருக்கலாம். தலையை அசைக்காமல் தாடையை மட்டும் முன்னால் தள்ளணும்.

பி - ப்ரீத்திங். நெஞ்சு ஏறி இறங்குதா? ரெண்டு பக்கமும் சமமா? நிமிஷத்துக்கு எத்தனை? 'கர் கர்'னு எப்பவாவது ஒரு மூச்சு இழுத்தால் அது மூச்சு இல்லை. இதயம் நின்றுபோனவரின் கடைசி அனிச்சைச் செயல் அது. "மூச்சு இருக்கே"னு ஏமாந்தால் போச்சு.

சி - சர்க்குலேஷன். நாடி இருக்கா? ரத்தம் எங்கிருந்து போகுது?

இங்கே ஒரு திருத்தம். ரத்தம் பீய்ச்சி அடிக்கிறதா? அப்போ வரிசை மாறும். முதல்ல ரத்தத்தை நிறுத்து, அப்புறம்தான் ஏ, பி. மூச்சு எவ்வளவு அழகாப் போனாலும், சுமந்துட்டுப் போக ரத்தம் வேணுமே!

மூச்சும் இல்லை, நாடியும் இல்லையா? யோசிக்காதீங்க. சி.பி.ஆர். மார்பின் நடுவில் கை வைத்து, 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழம், நிமிஷத்துக்கு 100 முதல் 120 தடவை. 30 அழுத்தத்துக்கு 2 மூச்சு. ஒவ்வொரு அழுத்தத்துக்கும் பிறகு மார்பு முழுசா மேலே எழும்ப விடணும். அப்போதான் இதயத்துக்குள் ரத்தம் நிரம்பும். இரண்டு நிமிஷத்துக்கு ஒருமுறை ஆள் மாறுங்க. எவ்வளவு பெரிய ஜிம் பாடியா இருந்தாலும் கை சோர்ந்துவிடும்.

நம்பர் கேம்

பரீட்சைக்கு மட்டுமில்லை, தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லணும்! பெரியவர்களுக்கு ஓய்வில் இருக்கும்போது இயல்பான கணக்கு இதோ:

* நாடித்துடிப்பு: நிமிஷத்துக்கு 60 - 100
* மூச்சு: நிமிஷத்துக்கு 12 - 20
* ரத்த அழுத்தம்: 120/80-ஐ ஒட்டி
* உடல் சூடு: 98.6 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 37 டிகிரி செல்சியஸ்
* ஆக்சிஜன் அளவு: 95 சதவிகிதத்துக்கு மேல்
* ரத்தச் சர்க்கரை: 70-க்குக் கீழே இறங்கினால் அபாய மணி
* நகத்தை அழுத்தி விட்டால்: ரெண்டு செகண்டுக்குள் மறுபடி சிவக்கணும்

பச்சைக் குழந்தைக்கு இந்தக் கணக்கு செல்லாது. இதயம் 120 முதல் 160 வரை துடிக்கும், மூச்சு 40 முதல் 60. "ஐயோ, இவ்வளவு வேகமா!"னு பதறினால் நீங்க பாடம் சரியாப் படிக்கலைன்னு அர்த்தம்.

சரி, இதுல பொய் சொல்லும் நம்பர் எது தெரியுமா? பி.பி.!

நம்ம உடம்பில் ஏறக்குறைய 5 லிட்டர் ரத்தம். ஒரு இளைஞருக்கு ஒரு லிட்டர் போயும் பி.பி. மீட்டர் 'நார்மல்' என்றே காட்டலாம். எப்படி? ரத்தக் குழாய்கள் இறுகும், இதயம் வேகமெடுக்கும், உடம்பு சமாளிக்கும். ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ரத்தம் போன பிறகுதான் பி.பி. சட்டென்று விழும். விழுந்த பிறகு திருப்பிக் கொண்டுவருவது ரொம்பக் கஷ்டம்.

அப்போ எதைப் பார்க்கணும்? வேகமான நாடி. வெளுத்த முகம். ஜில்லென்ற, வியர்த்த கை. தாகம். காரணமில்லாத பதற்றம். "ஒண்ணுமில்லண்ணே, நான் நல்லாத்தான் இருக்கேன், வீட்டுக்குப் போறேன்" என்று அடம் பிடிக்கும் ஆளின் நாடி 130 ஓடினால், அவர் நல்லா இல்லை. விடாதீங்க!

தொடை எலும்பு உடைந்தால் வெளியே ஒரு சொட்டுக்கூட வராமல் உள்ளுக்குள்ளேயே ஒரு லிட்டருக்கு மேல் ரத்தம் கசியலாம். இடுப்பெலும்பு என்றால் இன்னும் மோசம். காயம் தெரியலை என்பதால் ஆபத்து இல்லை என்று ஆகிவிடாது.

வாடிவாசல் பாடம்

ஜனவரி பிறந்தால் புதுக்கோட்டை மாவட்டத்துக்கே ஜுரம் பிடிக்கும். ஜல்லிக்கட்டு ஜுரம்! கந்தர்வகோட்டை பக்கத்துத் தச்சங்குறிச்சியில் வழக்கமா வருஷத்தின் முதல் ஜல்லிக்கட்டு. அதிலிருந்து மாதக்கணக்கில் ஊர் ஊராத் திருவிழா. 2019 ஜனவரியில் விராலிமலையில் ஒரே நாளில் 1,300-க்கும் மேற்பட்ட காளைகளை அவிழ்த்து உலக சாதனை செய்தார்கள். அதே நாளில் மாடு முட்டி இருவர் இறந்தும் போனார்கள். 2017 சட்டத் திருத்தம், 2023 மே மாதம் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு எல்லாம் தாண்டி, மருத்துவக் குழுவும் ஆம்புலன்ஸும் நிற்காமல் இன்று வாடிவாசல் திறக்காது.

பாராமெடிக் மாணவருக்கு இதைவிடப் பெரிய லேப் எது? வாங்க, ஒவ்வொரு காயமாப் பார்ப்போம்.

தொடை இடுக்கில் குத்து: கொம்பு அதிகம் இறங்கும் இடங்களில் ஒண்ணு. அங்கேதான் தொடையின் பெரிய ரத்தக் குழாய் ஓடுது. கையிலோ காலிலோ என்றால் காயத்துக்கு மேலே டூர்னிகே பட்டை இறுக்கலாம். கட்டிய நேரத்தைப் பேனாவால் எழுதிடணும். ஆனா தொடை இடுக்கில் பட்டை கட்ட இடமே கிடையாது. சுத்தமான காஸ் துணியைக் காயத்துக்குள் ஆழமாகத் திணித்து, முழு பலத்தோட அழுத்தணும். "நின்னுச்சா?"னு நிமிஷத்துக்கு ஒரு தடவை எடுத்துப் பார்க்கக் கூடாது. எடுத்தால், உறைய ஆரம்பித்த ரத்தம் மறுபடி ஓடும்.

வயிற்றில் குத்து, குடல் வெளியே: பார்க்கவே பயங்கரமாத்தான் இருக்கும். உள்ளே தள்ளாதீங்க! மண்ணும் தூசியும் சேர்ந்து உள்ளே போகும், குடல் முறுக்கிக்கொள்ளும். சலைனில் நனைத்த சுத்தமான துணியால் மூடி, காயாமல், குளிராமல் பார்த்துக்கங்க. முட்டியை லேசா மடக்கி வைத்தால் வயிற்றுத் தசை தளரும். குடிக்க எதுவும் வேண்டாம்.

நெஞ்சில் குத்து: மூச்சு இழுக்கும்போது காயத்தில் 'உஸ்' என்று காற்று போகுதா? நுரையீரலைச் சுற்றிக் காற்று சேருது. காற்றுப் புகாத பிளாஸ்டிக் உறையால் மூடி, மூன்று பக்கம் மட்டும் பிளாஸ்டர் ஒட்டலாம். உள்ளே போகாது, ஆனா வெளியே வர ஒரு வழி இருக்கும். மூடிய பிறகு மூச்சுத் திணறல் அதிகமானால் உடனே திறந்து காற்றை வெளியேற்றணும்.

எதாவது குத்தி நின்னுச்சா: கம்போ, கம்பியோ, பிடுங்காதீங்க. அதுவே ரத்தக் குழாயை அடைத்துக்கொண்டிருக்கலாம். அசையாமல் சுற்றிக் கட்டி அப்படியே கொண்டு போங்க.

ஒரே நேரத்தில் பத்துப் பேர் விழுந்தால்? இங்கேதான் மனசைக் கல்லாக்கணும். 'ட்ரையாஜ்' என்று பேரு. நாலு கலர். தானா நடந்து வருகிறவர் பச்சை. மூச்சுப் பாதையைத் திறந்தும் மூச்சு வராதவர் கறுப்பு. மூச்சு 30-க்கு மேல், அல்லது மணிக்கட்டில் நாடி இல்லை, அல்லது சொன்னது புரியலை என்றால் சிவப்பு... முதல் வண்டி அவருக்கு. மீதிப் பேர் மஞ்சள். இதுல ஒரு ரகசியம் உண்டு: ரொம்பச் சத்தமாக் கத்துகிறவருக்கு மூச்சுப் பாதை நல்லா இருக்குன்னு அர்த்தம். ஓரமா, சத்தமே இல்லாமல் கிடக்கிறாரே, அவரை முதல்ல பாருங்க!

பாம்பு... பதறாதே!

நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். இந்த நாலு பேருக்கும் சேர்த்து ஒரே மருந்து. குதிரையின் உடம்பில் உருவாக்கி எடுக்கும் விஷ முறிவு மருந்து. அதுக்குத் தேவையான விஷத்தில் பெரும்பங்கு எங்கிருந்து போகுது தெரியுமா? செங்கல்பட்டு மாவட்டம் வடநெம்மேலியில், 1978-ல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்திலிருந்து. 2024 நவம்பரில் பாம்புக்கடியை 'கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோய்' என்று தமிழ்நாடு அரசு அறிவித்திருக்கிறது. எங்கே, எத்தனை கடி என்று தெரிந்தால்தானே மருந்தை அங்கே வைக்க முடியும்!

சினிமாவில் பார்த்ததை எல்லாம் மறந்துடுங்க. கத்தியால் கீறாதே, வாயால் உறிஞ்சாதே, கயிறு போட்டு இறுக்காதே. விரியன் கடித்த காலை இறுக்கிக் கட்டினால் விஷம் ஒரே இடத்தில் தேங்கித் தசையை அழிக்கும். கட்டை அவிழ்த்ததும் மொத்தமாகப் பாயும்.

செய்ய வேண்டியது: தைரியம் சொல்லுங்க. கடிபட்ட கையையோ காலையோ எலும்பு முறிவுக்குச் செய்வது மாதிரி குச்சி வைத்து அசையாமல் கட்டுங்க. மோதிரம், கொலுசு, மெட்டி எல்லாம் கழற்றுங்க. வீங்கின பிறகு கழற்ற முடியாது. நடக்க விடாதீங்க. வீக்கம் எதுவரை வந்திருக்கு என்று பேனாவால் கோடு போட்டுப் பக்கத்துல நேரத்தை எழுதுங்க. அந்த ஒரு கோடு டாக்டருக்கு ஆயிரம் சேதி சொல்லும். பாம்பைத் தேடி அடித்து எடுத்துட்டு வர வேண்டாம். இன்னொருத்தர் கடி வாங்குவார், அவ்வளவுதான்.

கட்டுவிரியன் மட்டும் ஸ்பெஷல் கேஸ். ராத்திரி, தரையில் படுத்திருப்பவரைக் கடிக்கும். வலி இருக்காது, வீக்கம் இருக்காது, பல் தடம்கூடத் தெரியாது. விடியற்காலையில் "வயிறு வலிக்குது, கண்ணு சொருகுது" என்பார். கண் இமை தொங்குதா, ஒரே மூச்சில் எத்தனை வரை எண்ண முடியுதுன்னு பாருங்க. எண்ணிக்கை குறைந்துகொண்டே வந்தால் மூச்சுத் தசை செயலிழக்குதுன்னு அர்த்தம். அம்பு பையை எடுத்துத் தயாரா வைங்க. மருந்து வேலை செய்யும்வரை நீங்கதான் அவருக்கு நுரையீரல்!

பூச்சிமருந்து

விவசாய மாவட்டத்தில் தவிர்க்க முடியாத கேஸ். வாயில் நுரை, கொட்டும் வியர்வை, கண்மணி குண்டூசி முனை அளவுக்குச் சுருங்கியிருந்தால் ஆர்கனோபாஸ்பேட் வகை. உப்புக் கரைசல், சோப்புத் தண்ணி, சாணிக் கரைசல் கொடுத்து வாந்தி எடுக்க வைப்பதை இன்னும் பார்க்கலாம். தடுத்து நிறுத்துங்க. அது நுரையீரலுக்குள் போனால் விஷத்தைவிட வேகமாக ஆளை முடிக்கும். நனைந்த உடையைக் கழற்றி, சோப்பால் கழுவி, இடது பக்கமாக ஒருக்களித்துப் படுக்க வைங்க. கையுறை கட்டாயம், விஷம் உங்க தோல் வழியாவும் போகும். பாட்டிலை மறக்காமல் எடுத்துக்கங்க. அது பாராகுவாட் என்ற களைக்கொல்லி என்றால் ஓர் எச்சரிக்கை: ஆக்சிஜன் அளவு ரொம்ப இறங்கினால் ஒழிய ஆக்சிஜன் வைக்கக் கூடாது, நுரையீரல் சேதம் அதிகமாகும். டாக்டரைக் கேட்காமல் மாஸ்க் மாட்டாதீங்க.

இன்னொண்ணு. குடித்தவரிடம் "ஏன்டா இப்படிப் பண்ணே?" என்று வண்டியில் விசாரணை கமிஷன் வைக்காதீங்க. "கூட இருக்கேன், போயிடலாம்" என்ற ஒரு வார்த்தை போதும். மனசு உடைந்து நிற்கிற யாருக்கும் 104, 14416 எண்களில் பேச ஆள் இருக்காங்க. இந்த ரெண்டு நம்பரும் உங்க பாக்கெட்டில் இருக்கட்டும்.

வண்டியிலேயே குவா குவா!

108-ல் பிரசவம் என்பது பேப்பரில் அடிக்கடி பார்க்கும் செய்திதான். குழந்தையின் தலை தெரிய ஆரம்பித்தால், வண்டியை ஓரமா நிறுத்தச் சொல்லுங்க. ஓடுற வண்டியில் பிரசவம் பார்க்கக் கூடாது. பிறந்ததும் துடைத்து, அம்மாவின் மார்போடு ஒட்டிப் படுக்க வைத்து, ரெண்டு பேரையும் சேர்த்துப் போர்த்துங்க. குழந்தை அழுதால் தொப்புள்கொடி வெட்ட அவசரமே இல்லை, ஒண்ணு முதல் மூணு நிமிஷம் பொறுக்கலாம். அழவில்லையா? நல்லாத் துடைத்து முதுகைத் தேய்த்துப் பாருங்க. அப்பவும் மூச்சு வரலேன்னா முதல் நிமிஷம் முடிவதற்குள் அம்பு பையால் மூச்சுக் கொடுக்கணும். 'பொன்னான ஒரு நிமிடம்' என்றே இதுக்குப் பேரு.

நஞ்சுக்கொடியைப் பிடித்து இழுக்கவே கூடாது. அது வெளியே வந்த பிறகும் ரத்தம் நிற்கவில்லை என்றால், தொப்புளுக்குக் கீழே கர்ப்பப்பையைக் கையால் நல்லா தேய்த்து இறுக வையுங்க. குழந்தையைக் கொஞ்சும் மும்முரத்தில் அம்மாவை மறப்பதுதான் இங்கே நடக்கும் பெரிய தப்பு.

'டோன்ட்' லிஸ்ட்

* வலிப்பு வந்தவர் கையில் சாவி, இரும்பு கொடுக்காதீங்க. வாயில் ஸ்பூனும் வேண்டாம். ஒருக்களித்துப் படுக்க வைத்து, எத்தனை நிமிஷம் என்று கடிகாரத்தைப் பாருங்க.
* மயங்கியவர் வாயில் சோடா, தண்ணி ஊற்றாதீங்க. யார் மயங்கினாலும் சர்க்கரை அளவைப் பார்க்காமல் விடாதீங்க. சுயநினைவோடு இருந்தால் மூணு ஸ்பூன் சர்க்கரை கரைத்துக் கொடுக்கலாம்.
* கடலிலோ கண்மாயிலோ மூழ்கியவரின் வயிற்றை அமுக்கித் தண்ணி எடுக்காதீங்க. இங்கே முதல் தேவை மூச்சு. மூச்சுக் கொடுத்த பிறகே மார்பு அழுத்தம்.
* வெயிலில் சுருண்டு விழுந்தவர் உளறுகிறாரா? உடல் சூடு 104 டிகிரியைத் தாண்டியிருக்கலாம். வண்டியைக் கிளப்பும் முன்பே தண்ணீரை ஊற்றி விசிற ஆரம்பிங்க.
* முகம் கோணி, கை தொங்கி, பேச்சு குழறினால் "தூங்கி எழுந்தா சரியாயிடும்" என்று சொல்லாதீங்க. கடைசியா எத்தனை மணிக்கு நல்லா இருந்தார்? ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு அதிகபட்சம் நாலரை மணி நேரம்தான் கெடு.

கேட்கத் தெரியணும்... சொல்லத் தெரியணும்

கை வேலை செய்யும்போதே வாய் ஆறு கேள்வி கேட்கணும். என்ன பண்ணுது? எந்த மருந்தாவது ஒத்துக்காதா? வழக்கமா என்ன மாத்திரை சாப்பிடுறீங்க? பழைய நோய், ஆபரேஷன் உண்டா? கடைசியா எப்போ சாப்பிட்டீங்க? இது எப்படி ஆச்சு? நோயாளி மயங்கிவிட்டால் இந்தப் பதில்கள் அப்புறம் கிடைக்காது.

கேட்பதிலும் ஒரு நாசூக்கு வேணும். வயசானவரை "ஏய் பெருசு" என்று உலுக்காதீங்க. "ஐயா, கண்ணைத் திறங்க" போதும். தொடும் முன்னாடி "அம்மா, கையைப் பிடிச்சுப் பார்க்கிறேன்" என்று சொல்லிவிட்டுத் தொடுங்க. பயந்துபோன மனுஷருக்கு அந்தக் குரலே பாதி மருந்து.

ஆஸ்பத்திரியில் இறக்கும்போது கதை சொல்ல நேரம் இருக்காது. நாலே வரி: என்ன நடந்தது, என்ன காயம், நாடி - மூச்சு - பி.பி. எவ்வளவு, நாம என்ன செய்தோம். அரை நிமிஷம்தான். "மாடு முட்டி இருபது நிமிஷம் ஆச்சு சார். வலது தொடை இடுக்கில் ஆழமான குத்து. நாடி 130, பி.பி. 100/70. காஸ் வைத்து அழுத்தியிருக்கோம், ஒரு லைன் போட்டாச்சு." இப்படிச் சொன்னால் டாக்டர் அடுத்த விநாடியே வேலையைத் தொடங்கலாம்.

எப்படி உள்ளே போவது?

+2-வில் இயற்பியல், வேதியியல், உயிரியல் படித்தவர்களுக்கு, பி.எஸ்சி. விபத்து மற்றும் அவசர சிகிச்சைத் தொழில்நுட்பம் என்ற பட்டப்படிப்பு தமிழ்நாட்டில் இருக்கு. தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ், ஓராண்டு நேரடிப் பயிற்சியும் சேர்த்து நாலு வருஷம். எமர்ஜென்சி கேர் டெக்னீஷியன் என்று ஓராண்டுச் சான்றிதழ் படிப்பும் உண்டு. மருத்துவக் கல்வி இயக்ககத்தின் தேர்வுக்குழு ஒவ்வொரு வருஷமும் அறிவிப்பு வெளியிடும், பேப்பரில் கண் வைத்திருங்க. நர்ஸிங், டி.எம்.எல்.டி. முடித்தவர்களையும், விலங்கியல், தாவரவியல் மாதிரி உயிர் அறிவியல் பட்டதாரிகளையும்கூட 108 சேவைக்கு எடுத்துப் பயிற்சி கொடுக்கிறார்கள். 2021-ல் வந்த மத்தியச் சட்டம் ஒன்று பாராமெடிக் உள்ளிட்ட இந்தத் துறையினரை முறைப்படி பதிவு செய்ய வழி செய்திருப்பதால், அங்கீகாரம் உள்ள கல்லூரியா என்று பார்த்துச் சேருவது ரொம்ப முக்கியம்.

ராத்திரி டியூட்டி, தீபாவளி டியூட்டி, சில சமயம் கைக்கு எட்டியும் காப்பாற்ற முடியாமல் போகிற உயிர்... எல்லாம் இதுல உண்டு. தூக்கம் வராத ராத்திரிகளும் வரும். கூட வேலை பார்ப்பவரிடம் மனசு விட்டுப் பேசுங்க. அதுவும் ட்ரெயினிங்கில் சேர்த்திதான்.

படிக்காதவங்க என்ன பண்ணலாம்?

"போலீஸ், கோர்ட்டுனு அலையணுமே"னு ஒதுங்குறீங்களா? விபத்தில் நல்ல எண்ணத்தோடு உதவுகிறவரைச் சட்டம் பாதுகாக்குது. 2019 மோட்டார் வாகனத் திருத்தச் சட்டத்தின் 134ஏ பிரிவு அதுக்காகவே வந்தது. பேர் சொல்லக்கூட உங்களைக் கட்டாயப்படுத்த முடியாது. செலவுக்குப் பயமா? 2021 டிசம்பர் 18-ல் தமிழ்நாட்டில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், விபத்தில் சிக்கியவர் எந்த ஊர்க்காரராக இருந்தாலும் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு, பட்டியலில் உள்ள மருத்துவமனைகளில் அரசே பணம் கட்டுது.

1990-களின் தொடக்கத்தில் இதே புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் நடந்தது. எழுத்தோடு சேர்த்துப் பெண்களுக்கு சைக்கிளும் கற்றுக் கொடுத்தார்கள். கல்குவாரியில் வேலை பார்த்த அக்காக்களும், வயல்காட்டு அம்மாக்களும் ஆயிரக்கணக்கில் சைக்கிள் ஏறினார்கள். நாடே திரும்பிப் பார்த்தது. சைக்கிள் கற்க எத்தனை நாள் ஆகியிருக்கும்? சி.பி.ஆர். கற்க ஒரு மதியம் போதும்!

உங்க காலேஜ் என்.எஸ்.எஸ்., ஒய்.ஆர்.சி. இருக்கே, அடுத்த கேம்ப்பில் கோலப் போட்டியை ஒரு நாள் தள்ளி வைங்க. பக்கத்து அரசு மருத்துவமனையிலிருந்தோ 108-லிருந்தோ ஒருத்தரைக் கூப்பிட்டு, ஒரு பொம்மையை நடுவுல வைத்து, எல்லாரும் முட்டி போட்டு உட்காருங்க.

முப்பது அழுத்தம், ரெண்டு மூச்சு. எங்கே, ஆரம்பிங்க பார்க்கலாம்!